மாற்றுச் சாவியும் அதே பெட்டிக்குள்ளே!

(நமது மும்பை நிருபர்)

தென்கொரியாவில் டேஜியோன் என்று ஒரு நகரம். அந்நாட்டு அரசாங்கத்தின் முக்கிய கம்ப்யூட்டர் நிலையங்களுள் ஒன்று அங்கே உள்ளது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிறகு, அந்த நிலையத்தின் ஐந்தாவது மாடியில் தீப்பிடித்தது. மின்சாரம் நின்றால் கம்ப்யூட்டர்களைத் தாங்கிப் பிடிப்பதற்காக வைத்திருந்த லித்தியம் பேட்டரிகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. பேட்டரியும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருப்பது ஆபத்து என்பதால்தான் அவற்றை இடம் மாற்றினார்கள். அந்த வேலையின்போதே தீப்பிடித்தது என்பதை விதி என்பதா, வினை என்பதா தெரியவில்லை. 384 பேட்டரிகள் எரிந்தன. முழுவதும் அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது.

மறுநாள் காலையில் 647 அரசாங்க சேவைகள் நின்றுபோயிருந்தன. சான்றிதழ் தரும் அலுவலகங்கள் திண்டாடின. தபாலாபீசில் பணம் போடவும் எடுக்கவும் தடை ஏற்பட்டது. அங்கே அறுவடைத் திருநாளான சூசோக் பண்டிகை நெருங்கிய சமயம் அது. நம் ஊரில் பொங்கலுக்கு முந்திய வாரத்தில் தபாலாபீசும் தாலுகா ஆபீசும் சேர்ந்து மூடிக்கிடந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. முதலில் 647 என்று கணக்குச் சொன்னவர்கள், இரண்டு வாரம் கழித்து 709 என்று திருத்திச் சொன்னார்கள். காரணம் என்ன? அந்தக் கட்டிடத்தில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலை வைத்திருந்த கம்ப்யூட்டரும் அந்தக் கட்டிடத்திலேயே இருந்து முடங்கிவிட்டது! அதைச் சரிசெய்த பிறகுதான் போனது எது, இருப்பது எது என்பதே தெரிந்தது. வீட்டில் திருடு போனவன், நகைகளின் விவரம் எழுதிய நோட்டையும் அதே பீரோவில் வைத்திருந்த கதைதான்.

858 டெராபைட்

நின்ற சேவைகளை மெல்ல மெல்ல மீட்டுவிட்டார்கள். மீட்க முடியாமல் போனது வேறு ஒன்று. அரசாங்க ஊழியர்கள் தாங்கள் எழுதும் குறிப்புகள், கடிதங்கள், வரைவுகள் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதற்கென்று ‘ஜி-டிரைவ்’ என்ற பொதுச் சேமிப்பகம் அங்கே இருந்தது. ஆளுக்கு 30 ஜிகாபைட் இடம். வேலைக்குரிய காகிதங்களை உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், இதில் வையுங்கள் என்று 2018-ஆம் ஆண்டில் விதிமுறையும் வகுத்தார்கள். சுமார் ஒன்றேகால் லட்சம் ஊழியர்கள் இதைப் பயன்படுத்தினர். தீயில் அது முழுவதும் போயிற்று. மொத்தம் 858 டெராபைட்.

அதற்கு நகல் இல்லை. அளவு மிகப் பெரியது, அதன் அமைப்பும் வெளியிடத்தில் நகல் எடுப்பதற்கு ஏற்றதாக இல்லை என்று அதிகாரிகள் கூறினர்.

அந்நாட்டு ஊழியர் நிர்வாக அமைச்சகம்தான் அதிகமாக அடிபட்டது. அங்கே எல்லாக் காகிதங்களையும் ஜி-டிரைவிலேயே வைக்க வேண்டுமென்று கண்டிப்பாக இருந்தார்களாம். விதியை மதிக்காமல் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதியை ஒளித்து வைத்திருந்த குமாஸ்தா தப்பித்தார். விதிப்படி நடந்தவர் வெறுங்கையோடு நின்றார். ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும்.

கொரியாவில் எங்கோ எரிந்த கட்டிடத்தைப் பற்றி, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் பிராவிடண்ட் பண்டும், ரேஷனும், ஆதாரும், ஊரில் உள்ள நிலத்தின் பட்டாவும், ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டும் இன்று இப்படிப்பட்ட கட்டிடங்களுக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு நகல் உண்டா என்பது முதல் கேள்வி. அந்த நகல் எங்கே இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பக்கத்து நகலும் தூரத்து நகலும்

நகல் எடுப்பதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உள்ளன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பல இடங்களில் இந்த விபரீதம் நேருகிறது.

ஒன்று, அன்றாடக் கோளாறு. கம்ப்யூட்டரின் தட்டு பழுதாகிறது. ஒரு குமாஸ்தா தெரியாமல் ஒரு பைலை அழித்துவிடுகிறார். இது வாரம் தவறாமல் நடக்கும். இதற்கு நகல் பக்கத்து அறையிலேயே இருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் எடுத்துப் போட்டு வேலையைத் தொடரலாம். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கொண்டுவரச் சொன்னால் கவுண்டரில் வரிசையில் நிற்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

மற்றது பேரிடர். தீ, வெள்ளம், பூகம்பம். இது எப்போதாவது ஒருமுறை வரும். வந்தால் பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். இதற்கு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். அங்கிருந்து எடுக்க ஒரு நாள் ஆனாலும் பாதகமில்லை, இருந்தால் போதும்.

முதல் நகலை வைத்துக்கொண்டு, நம்மிடம்தான் நகல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பிரான்சில் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச். என்ற கம்பெனியின் கம்ப்யூட்டர் நிலையம் 2021 மார்ச் 10-ஆம் தேதி எரிந்தது. வாடகைக்கு இடம் எடுத்திருந்த பல வியாபாரிகள் நகலுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தார்கள். ஆனால் சிலருடைய நகல்கள் அசல் இருந்த அதே இடத்திலேயே இருந்து, அசலோடு எரிந்தன. நகல் தனியிடத்தில் இருக்குமென்றுதானே ஒப்பந்தம் என்று ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். லில் நகர வணிக நீதிமன்றம் 2023-இல் அவருக்கு நஷ்டஈடு தரும்படி உத்தரவிட்டது. பணம் வரலாம். எரிந்த கணக்கு வருமா?

கொரியாவுக்கு இது முதல் அனுபவம்கூட அல்ல. 2022 அக்டோபர் 15-ஆம் தேதி பாங்யோ என்ற இடத்தில் ஒரு தனியார் நிலையத்தில் இதேபோல் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. அந்நாட்டில் எல்லோர் கையிலும் உள்ள ‘காகாவ் டாக்’ என்ற செய்திச் சேவை நின்றது. முழுவதும் சீராக 127 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் கம்பெனியின் தலைமை அதிகாரிகளில் ஒருவர் பதவி விலகினார். மாற்றிடம் வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று அரசாங்கம் கம்பெனியைக் கடிந்துகொண்டது. தனியாருக்குச் சட்டத்தை இறுக்கியது. தங்கள் நிலையத்துக்கு இப்படி நேர்ந்தால் மூன்று மணி நேரத்தில் சரிசெய்துவிடுவோம் என்றும் அரசுத் தரப்பில் சொன்னார்கள். அடுத்த மூன்றாண்டுகளுக்குள் டேஜியோன் எரிந்தது.

நம்மிடமும் எரிந்தது

பிறரைச் சொல்வது எளிது. மகாராஷ்டிர அரசின் தலைமைச் செயலகமான மந்திராலயாவில் 2012 ஜூன் 21-ஆம் தேதி பிற்பகல் நான்காவது மாடியில் பிடித்த தீ, மேல்மாடிகளுக்குப் பரவியது. ஐந்து பேர் உயிரிழந்தனர். முதலமைச்சரின் அலுவலகம் இருந்த ஆறாவது மாடியும் தப்பவில்லை. கட்டுக்கட்டாகக் கோப்புகள் சாம்பலாயின. மும்பையில் அன்று வேலையிலிருந்த நம்மவர்கள் பலர் அந்தப் புகையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

அப்போது ஆதர்ஷ் அடுக்குமாடி ஊழல் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கோப்புகளும் போயினவா என்பதுதான் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. அவை சி.பி.ஐ. வசம் பத்திரமாக உள்ளன என்று அரசு பதிலளித்தது. கவனிக்க வேண்டிய விஷயம் இது. யாரும் திட்டமிட்டு நகலை வேறிடத்தில் வைக்கவில்லை. வழக்கு வந்தது, கோப்பு வெளியே போயிற்று, அதனால் பிழைத்தது. மற்ற எத்தனையோ கோப்புகளுக்கு அந்த யோகம் இல்லை. அவற்றை வேறு அலுவலகங்களில் கிடைத்த காகிதங்களை வைத்து மீண்டும் உருவாக்க வேண்டியதாயிற்று. மந்திராலயாவில் கோப்பு என்றால் அது யாரோ ஒருவருடைய நிலம், யாரோ ஒருவருடைய பென்ஷன்.

1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அங்கே சுமார் 97,000 நூல்கள் இருந்தன. அச்சுப் புத்தகத்தை எங்கேனும் தேடி வாங்கிவிடலாம். ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டையும் கையெழுத்துச் சுவடியையும் எங்கே போய்த் தேடுவது?

கார்பன் தாள் காலம்

ரயில்வேயில் வேலை செய்பவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பார்சல் ஆபீசில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, ஒரு மூட்டைக்கு ரசீது போட்டால் கார்பன் தாள் வைத்துப் பல பிரதிகள் எடுப்பார்கள் என்று மூத்த சகாக்கள் சொல்வதுண்டு. ஒன்று ஸ்டேஷன் பதிவுக்கு. ஒன்று கணக்கு அலுவலகத்துக்கு. ஒன்று கார்டிடம் வண்டியிலேயே போகும். ஒன்று மூட்டைக்காரர் கையில். கடைசிப் பிரதியில் எழுத்து மங்கலாக இருக்கும்; ஆனாலும் இருக்கும்.

இதை யாரும் ‘பேரிடர் பாதுகாப்பு’ என்று சொல்லிச் செய்யவில்லை. திருட்டையும் கணக்குப் புரட்டையும் தடுக்கவே வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்ட முறை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஸ்டேஷன் எரிந்தாலும் கணக்கு அலுவலகத்தில் ஒரு பிரதி உண்டு. கார்டின் பிரதி தொலைந்தாலும் ஸ்டேஷனில் ஒன்று உண்டு. அன்றாடச் சிக்கலுக்குப் பக்கத்துப் பிரதி, பெரிய சிக்கலுக்குத் தூரத்துப் பிரதி. இரண்டும் ஒரே அழுத்தத்தில் எழுதப்பட்டவை.

கம்ப்யூட்டர் வந்தபோது கார்பன் தாள் போயிற்று. வேகம் வந்தது, வசதி வந்தது. காகிதம் தானாகவே நாலு ஊருக்குப் பிரிந்துபோன அந்தப் பழக்கமும் சேர்ந்து போயிற்று. இப்போது யாராவது உட்கார்ந்து யோசித்து, பணம் ஒதுக்கி, இரண்டாவது இடத்தை ஏற்படுத்த வேண்டும். அங்கேதான் தகராறு. இரண்டாவது இடம் என்றால் இரண்டாவது கட்டிடம், இரண்டாவது மின்சாரக் கட்டணம், இரண்டாவது காவல். பத்து வருஷம் ஒன்றும் நடக்காவிட்டால் தணிக்கைக்காரர் வந்து, இது எதற்கு வீண் செலவு என்று கேட்பார். எதற்கு என்று அன்று காட்ட எந்த அதிகாரியாலும் முடியாது.

மித்தி நதிக்கு அக்கரையில்

செலவைப் பற்றிக் கவலைப்படாமல் இதைச் செய்திருக்கும் இடம் ஒன்று நமக்கு மிக அருகில் உள்ளது. தாராவியிலிருந்து மித்தி நதியைத் தாண்டினால் பாந்திரா-குர்லா வட்டாரம். அங்கே தேசிய பங்குச் சந்தை இருக்கிறது. அதன் மாற்றிடம் எங்கே தெரியுமா? சென்னையில்! பம்பாய்க்காரர்களின் கோடிக்கணக்கான ரூபாய்க் கணக்குக்குச் சென்னைப் பட்டணம்தான் காப்பு.

இது அவர்கள் தாமாகச் செய்த நல்ல காரியம் மட்டும் அல்ல. பங்குச் சந்தைகளின் மாற்றிடம் வேறு பூகம்ப மண்டலத்தில் இருக்க வேண்டும் என்பது செபியின் விதி. அதோடு, அருகிலேயே இன்னொரு நகலும் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது விதியின் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். மும்பையில் நடக்கும் ஒவ்வொரு வியாபாரத்தையும் அதே கணத்தில் சென்னையிலும் எழுதி, எழுதியாயிற்று என்ற பதில் வந்த பிறகுதான் அடுத்ததைப் பார்ப்பது என்றால் சந்தையின் வேகம் குறையும். ஆகவே தூரத்து நகல் சற்றுப் பின்தங்கியே வரும். அந்தச் சிறு இடைவெளியில் நடந்த வியாபாரம் தொலையாமல் இருக்க, அருகிலுள்ள நகல் ஒன்று விடாமல் எழுதிக்கொள்கிறது. பக்கத்து நகலும் தூரத்து நகலும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

அப்படியிருந்தும் 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி அந்தச் சந்தை காலை 11.40 மணிக்கு நின்றது. தொலைத்தொடர்புக் கம்பிகளில் தொடங்கிய கோளாறு பெரிதாகிவிட்டது. சென்னையில் மாற்றிடம் தயாராக இருந்தும் அங்கே மாறவில்லை. பிற்பகல் 3.45 மணிக்குத்தான் வியாபாரம் மீண்டும் தொடங்கியது. கட்டிய கட்டிடம் இருக்கிறது, வாங்கிய மிஷின் இருக்கிறது. மாறு என்று சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வரவில்லை. மாறினால் இதைவிடப் பெரிய குழப்பம் வருமோ என்ற பயம் இப்படிப்பட்ட வேளையில் எந்த அதிகாரிக்கும் வரும். செபி விடவில்லை. கோளாறு கண்ட அரை மணிக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிஷத்துக்குள் மாற்றிடத்திலிருந்து வேலை தொடங்க வேண்டும், 15 நிமிஷத்துக்கு மேல் கணக்கு தொலையக்கூடாது என்று அடுத்த மாதமே விதியை இறுக்கியது. அந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ளச் சந்தையும் அதன் கணக்குத் தீர்க்கும் நிறுவனமும் சேர்ந்து சுமார் 72 கோடி ரூபாய் 2023-இல் செலுத்தின.

பிறகு நடந்ததுதான் பாராட்டத்தக்கது. 2024 மார்ச் 2-ஆம் தேதியும் மே 18-ஆம் தேதியும் சனிக்கிழமைகள். விடுமுறை நாள். அன்று சந்தையைத் திறந்து, முதல் பகுதி வியாபாரத்தை மூலநிலையத்திலும் இரண்டாம் பகுதியை மாற்றிடத்திலும் உண்மையான பணத்தை வைத்தே நடத்திப் பார்த்தார்கள். ஒத்திகை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். நம் ஆபீஸ்களில் தீயணைப்பு வாளிக்கு வருஷாவருஷம் சிவப்பு வர்ணம் பூசுகிறோம். உள்ளே மணல் இருக்கிறதா என்று பார்த்தவர் யார்?

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி. கிட்லேப் என்ற கம்பெனியில் 2017 ஜனவரி 31-ஆம் தேதி, களைத்துப்போயிருந்த ஓர் ஊழியர் தவறான கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்து அசலை அழித்துவிட்டார். நகல் எடுக்க அவர்களிடம் ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரியத்துக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதி தற்செயலாக இருந்தது. அதை வைத்துப் பிழைத்தார்கள். அதை ஒளிக்காமல் ஊரறியச் சொன்னது அந்தக் கம்பெனியின் பெருந்தன்மை.

கம்பி அறுந்த நகல்

தீயும் வெள்ளமும் மட்டுமல்ல, இப்போது மூன்றாவதாக ஓர் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை 2022 நவம்பர் 23-ஆம் தேதி விஷமிகள் பூட்டுப் போட்டு முடக்கினார்கள். ஐந்து சர்வர்களில் இருந்த 1.3 டெராபைட் விவரங்கள் படிக்க முடியாதபடி ஆயின. நோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுப்பதிலிருந்து பரிசோதனை முடிவு எழுதுவது வரை எல்லாம் கைவேலைக்கு மாறின. தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்கு வைத்தியத்துக்குப் போயிருந்தவர்களும் அந்த வரிசைகளில் நின்றிருப்பார்கள். பாதிக்கப்படாத ஒரு நகல் சர்வர் இருந்தது. அதிலிருந்து நோயாளிகளின் விவரம் மீட்கப்பட்டது என்று மத்திய அரசு பார்லிமெண்டில் தெரிவித்தது. பெரும்பாலான வேலைகள் பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று.

இத்தகைய தாக்குதலில் தூரம் உதவாது. கம்பி வழியே இணைந்திருக்கும் நகல் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் பூட்டு அங்கேயும் போய்ச் சேரும். அசலில் எழுதுவதெல்லாம் நகலிலும் தானாக எழுதப்படுமானால், அசலில் அழிப்பதும் நகலில் தானாக அழிபடும். நம் கைபேசியிலும் இதே கதைதான். போட்டோக்கள் எல்லாம் ‘மேலே’ பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்துக் கைபேசியில் அழித்தால், பல சமயம் மேலேயும் அழிந்துவிடும். ஆகவே எந்தக் கம்பியிலும் சேராத ஒரு நகல், பீரோவில் பூட்டிவைத்தது, தேதி போட்டது, அவசியம்.

நம் அரசாங்கம் இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தேசியத் தகவல் மையத்துக்கு டில்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய இடங்களில் பெரிய நிலையங்கள் உள்ளன. ஆதாருக்குப் பெங்களூரிலும் டில்லியை அடுத்த மானேசரிலும் நிலையங்கள் உண்டு. மேலே உள்ளவை இப்படி. கீழே, வார்டு ஆபீசிலும் ரேஷன் ஆபீசிலும் தரைத்தளத்து அலமாரியில் இருக்கும் பழைய பதிவேடுகளுக்கு இரண்டாவது ஊர் எது? ஏழைக்கு வேண்டிய காகிதம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

டிரங்குப் பெட்டி

2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி நதி இரு கரைகளையும் விழுங்கியது. தாராவியிலும் குர்லாவிலும் கலினாவிலும் கட்டிலுக்கு மேல் தண்ணீர் நின்ற வீடுகளில் நம்மவர்கள் வீடுகள் எத்தனையோ. கட்டிலுக்கு அடியில்தானே டிரங்குப் பெட்டி இருக்கும்? ரேஷன் கார்டு, கரண்ட் பில், பிள்ளையின் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட், வீட்டை வாங்கியபோது எழுதிய ஸ்டாம்பு பேப்பர் எல்லாம் அதற்குள். ஜெராக்ஸ் எடுத்தவர்களும் உண்டு. அசலும் ஜெராக்ஸும் ஒரே பிளாஸ்டிக் பையில், ஒரே பெட்டியில்!

அந்தக் காகிதங்களுக்கு இன்று விலை வந்துவிட்டது. தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பிறகு 2011 ஜனவரி 1-ஆம் தேதிக்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் விலையில். மாடியில் குடியிருப்பவருக்கும், பிற்பாடு வந்தவருக்கும் வெளியே வாடகை வீடு. ஒரு பழைய காகிதம் இருப்பதும் இல்லாததும், தொழில் செய்யும் இடத்தில் இருப்பதா, ஊருக்கு வெளியே போவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வருஷமாக இங்கே இட்லி வியாபாரம். 2005 வெள்ளத்தில் அவர் பெட்டி முழுவதும் கூழாகிவிட்டது. கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் கேட்டபோது காட்டுவதற்கு அவரிடம் இருந்தவை எல்லாம் அதற்குப் பிந்தியவை. வாக்காளர் பட்டியலில் பெயர் தேடினோம். அவர் பெயர் இருந்தது. அப்பா பெயர் வேறு விதமாக அச்சாகியிருந்தது.

“தம்பி, 98-ல எங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு பேங்க்ல கடன் கேட்டப்போ என் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு ஊருக்கு அனுப்பினேன். அது கிடக்கான்னு கேட்டுப் பார்க்கட்டா?” என்றார் ஒருநாள்.

கேட்டார். கிடந்தது. அக்கா அதைக் கல்யாணப் பத்திரிகைகளோடு சேர்த்து, பரணில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்திருக்கிறார். எழுத்து மஞ்சளாகிவிட்டது, ஆனால் கார்டின் எண் தெரிகிறது, முகவரி தெரிகிறது, தேதி தெரிகிறது. ஜெராக்ஸ் செல்லாது, அசல் வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். எண் இருப்பதால் பழைய பதிவேட்டில் தேடிச் சான்று கொடுக்கும்படி உரிய அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தோம். அங்கே அந்த வருஷத்துப் பதிவேடு எந்த அறையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். மனு எண் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை போய்க் கேட்டு வருகிறார்.

காகிதம் தொலைந்தவர்களுக்கு வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. பழைய வாக்காளர் பட்டியல் நகலைத் தேர்தல் அலுவலகத்தில் கேட்கலாம். மின்சாரக் கம்பெனியில் இணைப்பு கொடுத்த தேதியைக் கேட்டு எழுதி வாங்கலாம். பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில் அந்த நாளைய முகவரி இருக்கக்கூடும். டிஜிலாக்கர் என்ற அரசாங்க ஏற்பாட்டில், அலுவலகங்களே நேராக ஏற்றியிருக்கும் சான்றுகள் அசலுக்குச் சமமானவை. ஆனால் நாமே போட்டோ பிடித்து ஏற்றியது ஜெராக்ஸுக்குச் சமமே தவிர அசல் ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் சிலர் அசலை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த மாதம் நான் ஊருக்குப் போகிறேன். விஷயம் தெரிந்து அண்ணாச்சி ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போதுள்ள காகிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு செட் ஜெராக்ஸ், ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, மேலே ஒரு தாளில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல். பட்டியலுக்கு ஒரு பிரதி தன் சட்டைப்பையிலும் வைத்துக்கொண்டார். அக்காவிடம் நேரில் கொடுக்க வேண்டும், அந்த பிஸ்கட் டின்னிலேயே போடச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. கவரை வாங்கி வைத்திருக்கிறேன். நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில்தான் இருக்கிறது.